நாலு நிமிடப் பச்சை

தன் அக்கா வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்ததும் கலர்க்காரர் செய்யும் முதல் வேலை, பல்பைக் கழற்றுவது. முக்காலியைப் போட்டு ஏறி, கையோடு கொண்டுவந்த வெள்ளை பல்பை மாட்டுவார். அக்காவின் மஞ்சள் பல்பைக் கைக்குட்டையில் சுற்றிச் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் படுக்கவைப்பார். விருந்து முடிந்து கிளம்பும்போது மறுபடி ஏறிப் பழையதை மாட்டிவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். “மஞ்ச வெளிச்சத்துல பச்சை பொய் சொல்லும்” என்பது அவர் கட்சி. இந்தக் கூத்தைப் பார்த்துச் சலித்துப்போன அக்கா, ஒரு வருடம் தானே வெள்ளை பல்பு வாங்கி மாட்டிவைத்தாள். அவர் அதையும் கழற்றினார். அது நீல வெள்ளையாம்.

இத்தனை ஏற்பாடும் இரண்டு கிலோ பீன்ஸை வேகவைக்க.

கடைத்தெருவில் ஒரு பெயின்ட் கடையில் இருபத்தாறு வருடமாக நிறம் கலக்குகிறார். கடையில் மெஷின் இருக்கிறது. எண் சொன்னால் அது கலந்து கொடுத்துவிடும். எண் தெரியாமல் வருகிறவர்கள்தான் அவரிடம் வருவார்கள். சுவரிலிருந்து பெயர்ந்த பூச்சுத் துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வருவார்கள், உடைந்த கோப்பையின் காதைக் கொண்டுவருவார்கள், இதே கலர் வேண்டும் என்பார்கள். முதலாளி உள்பக்கம் கையைக் காட்டுவார். கலர்க்காரர் அதை வாசலுக்கு எடுத்துப்போய், வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று ஊற்றிக் கிளறுவார். ஒருவர் தன் நாயையே கூட்டிவந்து, வாசல் கேட்டுக்கு அதன் காதின் நிறம் வேண்டும் என்றார். கலர்க்காரர் அசரவில்லை. இரண்டு மணி நேரத்தில் டப்பாவை மூடிக் கொடுத்தார். “அவருக்குத் திருப்தி. நாய்தான் ஒண்ணும் சொல்லலை” என்று இன்றைக்கும் வருத்தப்படுவார்.

பச்சை என்று மொட்டையாகச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, பழைய பஸ் பச்சை, ஆஸ்பத்திரிச் சுவர்ப் பச்சை என்று அவரிடம் முப்பத்தெட்டுப் பச்சைகள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பீன்ஸுக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறார். ஷேடு கார்டிலிருந்து விரல் அகலத்துக்கு வெட்டிய அந்தத் துண்டு, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். மற்ற ஆண்கள் அந்த இடத்தில் மனைவியின் படத்தை வைப்பார்கள் என்று அவர் மனைவி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “உன் கலர் எனக்கு மனப்பாடம்” என்றார். இதற்குச் சிரிப்பதா, சண்டை போடுவதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

விருந்தில் பீன்ஸ் வேலை அவர் தலையில் விழுந்ததற்கு அவர் வாய்தான் காரணம். வருடத்தில் ஒரு விடுமுறை நாளில் குடும்பம் முழுவதும் அக்கா வீட்டில் கூடிச் சாப்பிடும். இறைச்சியை அத்தான் வாட்டுவார், மற்றதெல்லாம் அக்கா. பத்து வருடங்களுக்கு முன் அக்கா பீன்ஸை மூடி போட்டு முக்கால் மணி நேரம் வேகவைத்து மேசைக்குக் கொண்டுவந்தாள். எல்லோரும் சத்தமில்லாமல் தட்டில் போட்டுக்கொண்டார்கள். இவர் மட்டும் ஒன்றை முள்கரண்டியில் தூக்கிப் பிடித்து, “அக்கா, இது மூணாம் வார்டு சுவரு” என்றார். அடுத்த வருடத்திலிருந்து நீயே செய்துகொள் என்று அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

செய்தார். செய்முறையில் மாயம் ஒன்றும் கிடையாது. கொதிக்கிற உப்புத் தண்ணீர், மூடாத பாத்திரம், வெந்ததும் ஐஸ் தண்ணீரில் ஒரு முழுக்கு, பிறகு பூண்டு தட்டிப் போட்ட வெண்ணெயில் ஒரு புரட்டு. தண்ணீரில் கிடப்பது நாலே நிமிடம். ஆனால் அந்த நாலு நிமிடத்தை அவர் கடிகாரத்தில் பார்ப்பதில்லை. வாயில் போட்டும் பார்ப்பதில்லை. அது நம்பிக்கை இல்லாதவன் வேலையாம். துண்டைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்து, குனிந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார். தூங்குமூஞ்சியாகத் தண்ணீருக்குள் போன பீன்ஸ், மெல்ல மெல்ல விழித்துக்கொண்டு, துண்டின் பச்சைக்கு வந்து சேரும். அந்த நொடியில் “வந்துருச்சு” என்று வடிகட்டுவார். மேசையில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னபிறகுதான் தனக்கு எடுத்துக்கொள்வார்.

எல்லோரும் என்றால், அத்தானைத் தவிர. அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து திட்டித் திட்டியே பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர். அவர் வாயில் நல்ல வார்த்தை வந்தால் பயப்பட வேண்டும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு டெஸ்ட், இந்த ஆள் எப்படியும் தேற மாட்டார் என்று உறுதியாகிவிட்டால், மனம் உடைந்துபோகக் கூடாதே என்று அந்த ஆளிடம் மட்டும் பிரமாதமாக ஓட்டுகிறீர்கள் என்பார். மற்ற எல்லோருக்கும் வசவுதான். பீன்ஸுக்கும் ஒன்பது வருடமாக வசவுதான். ஆட்டுக்குப் போட வேண்டியதை எனக்கு ஏன் வைக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் தடவை அள்ளிப் போட்டுக்கொள்வார். கலர்க்காரருக்கு அதுதான் சான்றிதழ்.

இந்த வருடம் ஆறு மாதமாக அவருக்கு எந்த வெளிச்சமும் சரிப்படவில்லை. கடையில் டியூப்லைட்டை இரண்டு தடவை மாற்றச் சொன்னார். வீட்டு ஜன்னல் கண்ணாடியை ஞாயிறு தவறாமல் துடைத்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பாகிவிட்டது, சோப்பு சரியில்லை என்றார். சோப்பு மாறியது, சட்டை மாறவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் டப்பாவோடு திரும்பி வந்தார். இவர் கலந்து கொடுத்ததைப் பூசிய இடம், சுவரில் ஒட்டுப் போட்டது மாதிரித் தனியாக நிற்கிறதாம். இருபத்தாறு வருடத்தில் ஒரு டப்பாவும் அப்படித் திரும்பி வந்ததில்லை. முதலாளி கோபப்படவில்லை. தெரிந்த கண் டாக்டரிடம் நேரம் வாங்கி ஒரு சீட்டை நீட்டினார். கலர்க்காரர் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள், பச்சைத் துண்டுக்குப் பின்னால், கண்ணில் படாதபடி செருகினார். அந்தத் தேதி போனது. மனைவி இரண்டாவது சீட்டு வாங்கிவந்தாள். அதுவும் போனது.

அவருக்குப் பயம், வேறொன்றுமில்லை. கண்ணில் கோளாறு என்று டாக்டர் வாயால் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே மனைவியிடம் சொன்னார். “கண்ணு போச்சுன்னா நான் டப்பா தூக்குற ஆளு. அவ்வளவுதான்.”

மனைவி தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள். பேச்சும் அப்படியே, ஓங்கி ஒரே குத்து. “சரி, பந்தயம்” என்றாள். விருந்தில் பீன்ஸ் வழக்கம்போல வந்துவிட்டால், கண் டாக்டர் என்ற பேச்சையே இனி எடுக்க மாட்டாள். வராவிட்டால், விருந்துக்கு மறுநாள் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு அவர் வாய் பேசாமல் டாக்டரிடம் கிளம்ப வேண்டும். மூன்றாவது சீட்டும் உறைக்குள் போனது. அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். சமையலறையில் அவள் வாயைத் திறக்கக் கூடாது.

முந்தின நாள் சந்தைக்குப் போய் ஒவ்வொரு பீன்ஸாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். காய்கறிக்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “பேட்டி எடுத்து என்ன சார், வேலையா குடுக்கப் போறீங்க?” என்றாள். அவர் காதில் வாங்கவில்லை. இந்த வருடம் ஒன்றுகூடச் சொத்தையாக இருக்கக் கூடாது.

விருந்தன்று அக்கா வீட்டுப் பல்பு மாறியது. ஜன்னல் கண்ணாடியும் துடைக்கப்பட்டது. இரண்டு கிலோ பீன்ஸும் நுனி கிள்ளி, நார் உரித்து, ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தது. மனைவி கதவோரம் கைகட்டி நின்றாள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் பீன்ஸைக் கொட்டிவிட்டு, துண்டைப் பிடித்துக் குனிந்தார். இரண்டின் மேலும் யாரோ தேநீரைச் சிந்தியது மாதிரி ஒரு பழுப்பு படிந்திருந்தது. அந்தப் பழுப்புக்குள் துண்டு எது, பீன்ஸ் எது என்று வித்தியாசமே தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

“வந்துருச்சு” என்றார்.

மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது விநாடி. வாயைத் திறந்தவள், நிபந்தனை நினைவுக்கு வந்து மூடிக்கொண்டாள். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். இந்த வருடம் நல்ல பிஞ்சு, அதனால்தான் சீக்கிரம் வந்துவிட்டது என்று கேட்காத கேள்விக்கு ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு, பீன்ஸை ஐஸில் முக்கி, வெண்ணெயில் புரட்டி, பெரிய கிண்ணத்தில் அடுக்கினார். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது.

மேசை உண்மையைச் சொல்லிவிடும் என்று மனைவி நம்பியிருந்தாள். பந்தயத்தை, திங்கட்கிழமை பத்து மணி உட்பட, அத்தான் காதிலும் விழும்படி அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி, எல்லோரும் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்று கேட்டும் வைத்திருந்தாள். அக்கா கேட்டுக்கொண்டது பாதி. கண்ணில் ஏதோ கோளாறு, தம்பி பயந்துபோயிருக்கிறான் என்ற பாதி. அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. சாப்பாட்டுக்கு முன் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், அத்தான் என்று எல்லோரையும் நடைவழியில் நிறுத்தி, பீன்ஸ் எப்படி இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டாள்.

மேசையைச் சுற்றி முயல் கூண்டுக்குள் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. மருமகன் மென்றபடியே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மகள், இந்த வருடம் தனி ருசி மாமா என்றாள். அக்கா ஒரு டம்ளர் தண்ணீரின் துணையோடு விழுங்கிவிட்டு, உன் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்றாள். கலர்க்காரர் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. திங்கட்கிழமை கைநழுவிப் போய்க்கொண்டிருப்பதை ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. கலர்க்காரர் அத்தான் பக்கம் திரும்பி, ஆட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று தெம்பாகக் கேட்டார். அத்தான் வெகுநேரம் மென்றார். அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணை உருட்டினாள். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பிரமாதம், மச்சான்.”

மேசையில் ஒருவரும் மெல்லவில்லை. கலர்க்காரரின் புருவம் மெதுவாகக் கீழே இறங்கியது. கிண்ணத்திலிருந்து ஒரு பீன்ஸை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். அந்தச் சத்தம் கூடம் வரை கேட்டிருக்கும். துப்பவில்லை, கடைசிவரை மென்று விழுங்கினார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவருக்கு வலித்தது, அது எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எப்ப அத்தான் எனக்கு டெஸ்ட்டு?” என்று கேட்டார்.

அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நாளைக்குக் காலைல பத்து மணிக்குன்னு சொன்னாங்க.”

முதலில் சிரித்தது கலர்க்காரர்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் துணிவு வந்தது. இதை நாற்பது விநாடியில் இறக்கினார் என்று மனைவி போட்டு உடைத்தாள். அக்கா அவசரமாகத் தன் வாயிலிருந்ததைக் கைக்குட்டைக்கு மாற்றினாள். அவர் எழுந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். தட்டுகளில் மிச்சமிருந்ததையும் ஒவ்வொருவரிடமாக வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆட்டுக்கு இவ்வளவு உபசாரம் எதற்கு என்று அத்தான் பழைய குரலில் ஒரு வசவு விட்டார். கலர்க்காரரின் முகம் சற்றுத் தெளிந்தது.

சமையலறையில் தண்ணீர் மறுபடி கொதித்தது. மனைவி பின்னாலேயே வந்து, கதவோரம் அதே இடத்தில், வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவர் வெண்ணெய் மினுக்கோடு பீன்ஸைத் தண்ணீரில் கொட்டினார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். முன்னால் பச்சைத் துண்டு, பின்னால் திங்கட்கிழமைச் சீட்டு. பிரிக்காமல் அப்படியே அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“இப்ப வாயைத் திறக்கலாம். வந்ததும் சொல்லு.”

பிறகு வடிகட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, பாத்திரத்தின் பக்கம் திரும்பாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.