எழுந்து நின்ற வேம்பு

புயல் ஓய்ந்த காலையில், உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டு வாசல் வேம்பு வேரோடு பெயர்ந்து மதில் சுவர்மேல் சாய்ந்து கிடந்தது. நாங்கள் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை. இன்றுவரை மனம் ஆறாதது அதனால்தான். கரண்ட் ஆபீஸுக்குச் சொல்லி லைனை நிறுத்தினோம். பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னேன்.

அரியாங்குப்பத்திலிருந்து என் கணவரின் நண்பர் சேகர் அண்ணன் மரம் அறுக்கும் மெஷினோடு வந்தார். "கிளை முறிஞ்சு மேல விழும், எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று சத்தம் போட்டுவிட்டுத்தான் அறுக்கத் தொடங்கினார்.

குழாயில் தண்ணீர் வரவில்லை. வேர் பெயர்ந்த பள்ளத்தில் பைப் உடைந்திருக்குமோ என்று என் கணவருக்குச் சந்தேகம். "அந்தப் பக்கம் கிளையே இல்ல. பாத்துட்டு வந்துடறேன்" என்று இறங்கினார். எனக்கும் அதுதான் பத்திரமான இடமாகப் பட்டது.

அடிமரம் துண்டானது. மேல்பாரம் போனதும், மண்ணோடு ஒட்டியிருந்த வேர்க்கட்டை அப்படியே நிமிர்ந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பள்ளம் மூடிவிட்டது. மெஷின் சத்தத்தில் அவர் கத்தினாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

கயிறு கட்டி, கட்டையை மறுபடி சாய்த்து அவரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

"நான் ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாம் இல்லம்மா?" என்று சேகர் அண்ணன் இன்றும் கேட்பார். விழுந்த மரம் எழுந்து நிற்கும் என்று எங்கள் யாருக்குமே தெரியாது.

இப்போது எங்கள் பக்கம் யார் வீட்டில் மரம் சாய்ந்தாலும் போய்விடுகிறேன். எல்லாரும் கிளையைப் பார்ப்பார்கள். நான் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.