குந்துவதற்குப் பட்ட பாடு

எங்கள் தொழிலுக்கு முழங்கால்தான் முதல். கத்தி அப்புறம். வாடிக்கைக்காரர் தரையில் குந்துவார், நாமும் எதிரே குந்துவோம், முகத்துக்கு முகம். திருத்தணியில் பஸ் நிற்கிற இடத்துப் புளியமரத்தடியில் இப்படித்தான் இருபது வருஷம் சவரம் செய்தேன். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடின பஸ் ஒன்று கனகம்மாசத்திரம் தாண்டிக் குடை சாய்ந்தது. உள்ளே இருந்தவர்களில் முழங்கால் உடைந்தது எனக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குப் பல். பல் இல்லாமல் எத்தனையோ பேர் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

மலையடிவாரத்தில் எலும்புக் கட்டுக்காரர் ஒருவரின் கொட்டகை. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி ஒன்றரை மாதம் கிடத்தினார். அவிழ்த்தால் கால் உலக்கையாகியிருந்தது. நிற்க வந்தது, மடங்கவில்லை.

"இங்கியே கெட. குதிகால்ல குந்தற அன்னிக்கித்தான் வீட்டுக்கு" என்றார்.

தினமும் காலையில் சூடாக எண்ணெய் தடவிக் குப்புறப் போடுவார்கள். ஓர் ஆள் என் இடுப்பில் உட்காருவான். இன்னொருவன் கணுக்காலைப் பிடித்து முதுகுப் பக்கம் மடக்குவான், தன் மச்சினி கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே. நான் பெரிய தைரியசாலி என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். எண்ணெய் காயும் வாசனை வந்தாலே எனக்கு ஒண்ணுக்கு முட்டும்.

ஆடிக் கிருத்திகையன்று வெளியே காவடிகள் போய்க்கொண்டிருந்தன. உள்ளே நான் "முருகா" என்று அலறினேன். வீதியிலிருந்து நூறு குரல் "அரோகரா" என்றது. மறுபடி அலறினேன். மறுபடி அரோகரா. பக்கத்துப் பாயில் இடுப்பு உடைந்து கிடந்த பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர், "போதும்பா, உள்ள வந்து உண்டியல் வெச்சிடப் போறாங்க" என்றார்.

வாரத்துக்கு ஒருமுறை பாவா வருவார், என் அக்கா புருஷன். அவருக்கும் இதே தொழில்.

"ஒன் எடத்த நான் பாத்துக்கினு இருக்கறேன் மச்சான். நீ நிதானமா வா."

அந்த நிதானத்தில் என் இடமே கைமாறிவிடும் போலிருந்தது. இரண்டு ராத்திரி யோசித்து ஒரு முழுச் செங்கல்லைத் தேடிப் பிடித்தேன். வேட்டிக்குள் அதை நெட்டுக்குத்தாக வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் குந்தின மாதிரியே இருந்தது.

கட்டுக்காரர் பார்த்தார். "பரவால்லியே. எங்க, எனக்கு ஒரு சவரம் செய்" என்று எதிரே குந்தினார்.

சோப்புப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். கத்தி அவர் தொண்டைக்குழிக்கு வந்த நேரம், அவர் கை என் வேட்டிக்கடியில் நுழைந்து செங்கல்லை உருவியது.

உட்கார்ந்தேன். முழங்காலுக்குள் தேங்காய் உடைந்தது. அன்றைக்கு நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. கத்தி மட்டும் நூலளவும் நகரவில்லை.

கட்டுக்காரர் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "கை யோக்கியமான கை. காலுதான் களவாணி" என்று மீதிக் கன்னத்தைக் காட்டினார். செய்து முடித்தேன். என்னை இரண்டு பேர் தூக்கிப் பாயில் போட்டார்கள்.

கால் பூசணிக்காயாக வீங்கியது. அது வடிந்து, எண்ணெய், இடுப்பில் ஆள், மச்சினிக்குப் பிள்ளை பிறக்கப்போகிற சேதி, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. பொங்கலுக்கு முந்தின வாரம் செங்கல் இல்லாமல் குந்தினேன், எழுந்தேன், குந்தினேன். கட்டுக்காரர் வாசலைக் காட்டினார்.

சவரப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகப் புளியமரத்தடிக்குப் போனேன். மரத்தில் ஆணியடித்து ஒரு கண்ணாடி. எதிரே கைவைத்த மர நாற்காலி. அதில் என் வாடிக்கைக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பாவா நின்றுகொண்டு அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"மெட்ராஸ்ல எல்லாம் இப்பிடித்தான் மச்சான். இப்ப யாரு குந்தறாங்க? நின்னுகினே வேலை" என்றவர், என் காலைப் பார்த்தார். "ஆமா, ஒனக்கு நிக்க வருதில்ல?"

நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதன் பின்னால் ஒரு ஆள்தான் நிற்கலாம். முறைக்குக் காத்திருந்தவர்களோடு நானும் மரத்தடியில் குந்தினேன். நன்றாகவே மடங்கியது.