நாங்களாத்தான் ஆரம்பிச்சோம்

டேப்லெட்டில் பதினேழாவது கேள்வி வந்தால் என் விரல் கொஞ்சம் நின்றுதான் நகரும். ‘உங்கள் சங்கத்தை ஆரம்பித்தது யார்?’ என்று கேட்டு, கீழே நான்கு பதில்கள் கொடுத்திருப்பார்கள்: அரசு, வங்கி, தொண்டு நிறுவனம், நாங்களே. ஏதாவது ஒன்றைத் தொடாமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது.

இப்போது நான் ராஜபாளையத்தில் மில்லுக்காரர்கள் நடத்தும் ஒரு அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். கிராமம் கிராமமாகப் போய் வீட்டுக்கு இருபது நிமிடம் என்று கேள்வி கேட்கும் வேலை. யார் வீட்டிலாவது காபி போடுகிறேன் என்று எழுந்தால் நான்தான் தடுக்க வேண்டும். இருபது நிமிடத்தில் காபிக்கு இடமில்லை.

முன்பு அப்படி இல்லை. இருபத்தைந்து வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். வாடகை மாடி, இரண்டு பாய், ஒரு கரும்பலகை, ஓடினால் ஓடும் ஒரு டி.வி.எஸ். 50. சுந்தரபாண்டியத்தை ஒட்டிய ஒரு தெருவில் பெண்களைக் கூட்டிச் சங்கம் அமைக்க வேண்டும் என்று அனுப்பினார்கள். முதல் இரண்டு வாரமும் நான் மட்டும்தான் கூட்டத்துக்கு வந்திருந்தேன். மூன்றாவது வாரம், பருத்தி எடுத்துவிட்டு வந்த ஒருத்தி, தூக்குச்சட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். செத்த நேரம் இருந்து பார்க்கிறேன், பிடிக்கவில்லையென்றால் எழுந்து போய்விடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

அவள் எழுந்து போகவில்லை. மற்றவர்களையும் கூட்டிவந்து, சங்கத்துக்குத் தலைவியும் ஆனாள். என்னைவிட மூத்தவள், அதனால் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னை டீச்சர் என்றாள். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது, அவள் காதில் வாங்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். வட்டமாக உட்காருவோம். நான் வரும்வரை அக்கா தன் பக்கத்தில் தூக்குச்சட்டியை வைத்து எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். தெருவுக்குக் குழாய் கேட்டு மனு எழுதியது நான், அதிகாரி முன்னால் நின்று பேசியது அவள். குழாயில் தண்ணீர் வந்த அன்று என் மேல் ஒரு குடத்தை அப்படியே கவிழ்த்தாள். நனைந்த சேலையோடு வண்டி ஓட்டி வந்தேன். அந்த மாதிரி ஒரு நாள் இன்னொன்று கிடைக்குமென்றால் இந்த டேப்லெட்டைக் கண்மாயில் போட்டுவிடுவேன்.

நிறுவனமும் வளர்ந்தது. வெளிநாட்டு உதவி வந்தது, ஜீப் வந்தது, புராஜெக்ட், ரிப்போர்ட் என்று புதுப்புதுச் சொற்கள் வந்தன. பார்வையிட வந்த ஒரு வெள்ளைக்காரர் எங்களோடு தரையில் ஆசையாக உட்கார்ந்தார், எழுப்பிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாக ‘விலகல்’ வந்தது. ஒரு ஊரில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தபிறகு, மக்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும், நாம் விலகிவிட வேண்டும். அதற்கென்று ஒரு கூட்டம் போட்டு, சொல்லிவிட்டு வர வேண்டும். சரியான கொள்கைதான். பயிற்சியில் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அக்காவின் தெருவிலும் அந்தக் கூட்டத்தைப் போட்டு, பயிற்சியில் சொன்னதை ஒப்பித்தேன். ஒரு வருஷத்துக்கு நான் இந்தப் பக்கம் வரமாட்டேன். எதற்கெடுத்தாலும் ஆபீசுக்கோ எனக்கோ போன் செய்யக் கூடாது. சங்கத்தை யார் ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால், நாங்களேதான் என்று சொல்ல வேண்டும். எல்லோரையும் மூன்று தடவை சொல்ல வைத்தேன். அக்கா சொன்னாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வருஷம் முடிவதற்குள் வெளிநாட்டு உதவி நின்று, மாடியைக் காலி செய்து, பாய்களைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டோம். அதன்பிறகு என்னைத் தடுக்க யாரும் இல்லை. ஆனாலும் போகவில்லை. அவர்களாக ஒரு தடவை கூப்பிடட்டும் என்று வீம்பு பிடித்தேன். ஏட்டி, நாம யாருன்னாவது ஞாபகம் இருக்கா அவளுகளுக்கு என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை மூன்று மணி ஆனால் போன் பக்கமாகவே ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். இப்படியே ஒன்பது வருஷம் போய்விட்டது.

போன வாரம் சர்வே பட்டியலில் அந்தத் தெரு வந்தது. எங்கள் ஆபீசிலிருந்து மகாராஜபுரத்துக்குப் போகிற பெண்ணோடு ஊரை மாற்றிக்கொண்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை.

வேப்பமரம் நின்றது. அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள், கட்டிக்கொள்வாள், அழுவாள் என்றெல்லாம் வழிநெடுக நினைத்துக்கொண்டே வந்தேன். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, கேளுங்க என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். சங்கம் நடக்கிறதா, நடக்கிறது. வாரம் தவறாமலா, தவறாமல்தான். பதினேழாவது கேள்வி வந்தது. வாசித்துவிட்டு, தொண்டு நிறுவனம் என்ற மூன்றாவது பதிலைச் சொல்லமாட்டாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் போதும், அதை வைத்தே மிச்ச நாளை ஓட்டிவிடுவேன் என்று இருந்தது.

“நாங்களாத்தான் ஆரம்பிச்சோம்” என்றாள். நான் சொல்லிக்கொடுத்த அதே வேகம்.

நான்காவது பதிலைத் தொட்டேன். கண் கலங்கியதை மறைக்கக் குனிந்துகொண்டேன்.

“நீங்க சொல்லச் சொன்னதத்தான சொல்லுதேன், பொறவு எதுக்கு அழுறீய?” என்றாள்.

ஒரு போன்கூடப் பண்ணவில்லையே என்று கேட்டேன். சின்னப் பிள்ளை மாதிரிதான் கேட்டேன்.

“போன் பண்ணக்கூடாதுன்னீய, பண்ணல. ஒரு வருசம் வரமாட்டேன்னீய, சரின்னு இருந்தோம். வருசம் முடிஞ்ச அன்னைக்குச் செவ்வாக்கிழமை. தூக்குச்சட்டிய வச்சு இடம் பிடிச்சு வச்சிருந்தேன் டீச்சர்.”

மடியில் பதினெட்டாவது கேள்வி வந்து நின்றது. நான் அதை வாசிக்கவில்லை.