முயலுக்கு வைத்த கண்ணி

எங்கள் மலையில் ஆடி பிறந்துவிட்டால் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். எதிரே வருகிற மாடு முதலில் மணிச்சத்தமாகத்தான் வரும், பிறகுதான் மாடாகும். பரீட்சையில் போய்விட்டது என்று போர்த்திப் படுத்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அந்த மேகம்தான் ஞாபகம் வரும். ஏனென்றால் அதற்குள்ளிருந்துதான் ஒருநாள் மாமா வந்தார். முதலில் குடை தெரிந்தது, அப்புறம் ஆள் தெரிந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அம்மா கையில் வளர்ந்தவர். வெள்ளைக்காரன் ஆண்ட அந்த நாளில் எங்கள் மலையிலிருந்து திருச்சிக்குப் போய்க் காலேஜில் படித்தவர் அவர் ஒருவர்தான். பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு வந்திருந்தவர், ரிசல்ட் பார்க்கப் புளியஞ்சோலை வழியாக இறங்கிப் போனார். மூன்றாம் நாள்தான் திரும்பினார்.

சாமை குத்திக்கொண்டிருந்த அம்மா உலக்கையை நிறுத்தினாள்.

"என்ன சாமி ஆச்சு?"

"இங்கிலீசுல போயிருச்சுங்க அக்கா."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் தேறியிருக்கு."

"அத மட்டும் திரும்ப எழுத உடமாட்டாங்களா?"

"புரட்டாசியில எழுதலாம். நான் எழுதல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போறது? முள்ளுக்குறிச்சியில கங்காணி தங்கியிருக்காரு, தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்க. பௌர்ணமிக்குக் கெளம்புறாராம். அவரோட கண்டிக்குக் கப்பலேறிப் போயிர்றேன்."

கங்காணியோடு போனவர் ஒருவரும் திரும்பி மலையேறி நான் பார்த்ததில்லை. ஆனாலும் கப்பல் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. மாமா போனால் ஒரு கப்பல் படமாவது அனுப்புவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா மறுபடியும் உலக்கையைத் தூக்கினாள். "போறவன் போ. வெதச்ச எடத்த நெரப்பிட்டுப் போ."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கேழ்வரகு முளைக்காமல் திட்டுத்திட்டாகக் கிடக்கிற இடத்தில், அடர்த்தியான இடத்துப் பயிரைப் பிடுங்கி நட்டு நிரப்ப வேண்டும். எந்தக் கை விதைத்ததோ அந்தக் கைதான் நிரப்ப வேண்டும். நிரப்பாமல் ஊரை விட்டுப் போனால் காடு கோபித்துக்கொள்ளும், கதிர் வைக்காது. வைகாசி மழைக்கு ஒரு மேட்டுக்காட்டை மாமாதான் விதைத்திருந்தார். மனசை ரிசல்ட்டில் வைத்துக்கொண்டு வீசிய விதை, சொட்டைத் தலை மாதிரி முளைத்திருந்தது.

மறுநாள் மாமாவும் நானும் காட்டுக்குப் போனோம். கூடை என் தலையில். மேகத்தில் காட்டின் ஓரமே தெரியாது. மாமா குனிந்து நட்டுக்கொண்டே போவார். கொஞ்சத் தூரத்தில் கரைந்துபோவார். "கண்ணு, பயிரு கொண்டா" என்று குரல் மட்டும் வரும். குரல் வந்த பக்கம் நான் கூடையோடு நடப்பேன். உலகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிச்சமிருப்பது போல இருக்கும்.

நாலு நாளில் முடித்துவிட்டோம். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் நடுக்காட்டில் கையகலம் கையகலமாகப் புதுச் சொட்டை.

"நேத்து இங்க நட்டமே" என்றார் மாமா.

"முயலுங்க மாமா."

"இங்கிலீசு வராதவன் நட்டதுன்னு முயலுக்கும் தெரிஞ்சுபோச்சாட்ட இருக்குது" என்றார். வந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி அதுதான்.

அன்றும் நிரப்பினோம். மறுநாளும் சொட்டை. வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "முயல் கடிக்குமே தவர வேரோட புடுங்காதே..." என்று ஆரம்பித்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. கன்றுக்குட்டி மட்டும் தொழுவத்தில் எதையோ பச்சையாக மென்றுகொண்டிருந்தது.

முயலைப் பிடிப்பது என் பொறுப்பு என்று முடிவு செய்தேன். நாரைத் திரித்துக் கண்ணி செய்து, மூங்கில் முளையைக் கூராகச் சீவிக் காட்டின் நடுவே அடித்துக் கட்டினேன். பௌர்ணமிக்கு முதல் நாள் விடிந்ததும் மாமாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். கண்ணியில் முயல் இல்லை. முளையில் விரலகலத்துக்கு ஒரு துணி கிழிந்து மாட்டியிருந்தது. மஞ்சள் கரை போட்ட துணி.

"பாருங்க மாமா, கொடியில காயற அம்மா சேலையையும் கடிச்சிருக்குது."

மாமா அந்தத் துணியை எடுத்தார். பக்கத்தில் பிடுங்கின வேர்க்குழிகள் ஈரமாக இருந்தன. அவர் திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்தார். மேகம் ஒரு வாய் திறந்து மூடியது. அந்த இடைவெளியில், கிழிந்த ஓரத்தை இடுப்பில் செருகியபடி அம்மா வாசல் தெளிப்பது தெரிந்தது. மாமா நினைத்திருந்தால் அன்றைக்கே முள்ளுக்குறிச்சிக்கு இறங்கியிருக்கலாம். துணியை மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணிய எடுத்துரு கண்ணு. முயல் பாவம். இன்னும் கொஞ்சம் நடுவோம்."

"பௌர்ணமி நாளைக்குங்க மாமா. கப்பல்?"

"அது போவட்டும்."

அன்றைக்குச் சாயங்காலம் தகரப்பெட்டியைத் திறந்து இங்கிலீசுப் புத்தகத்தை எடுத்தார். அதற்கப்புறம் காட்டில் மேகத்துக்குள்ளிருந்து வந்த குரல் எனக்குப் புரியாத பாஷையில் வந்தது. ஒரே வரியை நாலு தடவை, ஐந்து தடவை சொல்லும். நடுவில் தப்பிப் போனால் தன்னையே திட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். காடு கதிர் வைக்க மந்திரம் சொல்கிறார் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன்.

புரட்டாசியில் மாமா இறங்கிப் போனார். புத்தகத்தில் படித்த இடத்துக்கு அடையாளமாக அந்த மஞ்சள் கரைத் துணி தொங்கியது. அந்தத் தடவையும் அவர் தேறவில்லை. ஆனால் இந்த முறை ரிசல்ட் பார்த்த அன்றைக்கே மலையேறி வந்து, "போயிருச்சுங்க அக்கா, பசிக்குது, சோறு போடுங்க" என்றார். அம்மா போட்டாள். அதற்கடுத்த தடவை தேறினார்.

அந்த வருஷம் மேட்டுக்காட்டில் கேழ்வரகு கொஞ்சம் குறைவுதான். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சொட்டை விழுவது மட்டும் மாமா புத்தகத்தைத் திறந்த அன்றோடு நின்றுபோயிற்று. என் கண்ணிக்குப் பயந்துகொண்டு முயல் மலையை விட்டே ஓடிவிட்டது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஆமாஞ் சாமி, பயந்துதான் போச்சு" என்றாள் அம்மா, சேலை ஓரத்தைத் தைத்துக்கொண்டே.