வெள்ளை ரெக்சினில் மஞ்சள் கறை

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பாலக்கரையில் தகரக் கொட்டகை போட்டுக் கார் சீட்டு தைத்தேன், இரண்டு வீடு கட்டினேன். எவனும் கைகொடுக்கவில்லை. என் பேரைப் பறித்தவன் மட்டும் ஒருவன் உண்டு, ஸ்ரீரங்கத்து மிராசுதாரின் டிரைவர்.

காக்கித் தொப்பியைக் கழற்றவே மாட்டான். என்னைவிட இளையவன், என்னையே "தம்பி" என்பான்.

ஒருநாள் முதலாளிக்குத் தெரியாமல் தன் குடும்பத்தைக் காரில் சமயபுரம் கூட்டிப்போயிருக்கிறான். ஈர மஞ்சள் புடவைகள் பட்டு வெள்ளை ரெக்சின் சீட்டெல்லாம் கறை. அவன் சோப்புப் போட்டுத் தேய்த்ததில் மஞ்சள் ரத்தச் சிவப்பாகிவிட்டது. காரோடு என் கொட்டகைக்கு ஓடிவந்தான்.

"தம்பி, ஐயா பாத்தா என் வேலை போயிடும்."

"மஞ்சள்ல போய் சோப்பு போடுவாங்களாய்யா? வீட்ல பொம்பளைங்களைக் கேக்கறதுதானே?"

எலுமிச்சம்பழம் தேய்த்தேன், சிவப்பு மறுபடி மஞ்சளானது. சீட்டைக் கழற்றி வெயிலில் போட்டு, வெயில் நகர நகர நானும் நகர்த்தினேன். மறுநாள் கறை இல்லை.

சீட்டை மாட்டும்போது, காரைத் தேடிக்கொண்டு மிராசுதார் வந்துவிட்டார்.

"சீட் பளிச்னு இருக்கே, யார் பண்ணினா?"

"நான்தாங்க தேச்சேன். தம்பி வெயில் படற இடம் குடுத்தாப்ல."

வாய் திறந்தால் சமயபுரம் வெளியே வரும், அவன் பிள்ளைகள் பட்டினி கிடக்கும். விழுங்கிக்கொண்டேன்.

அதன்பின் கொட்டகையைக் கடக்கும்போதெல்லாம் ஹாரன் அடிப்பான். நன்றியா, நக்கலா, இன்றுவரை தெரியவில்லை. எதுவானாலும், அந்தச் சீட்டை வெளுத்தது என் கை. யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள்.