முட்டியைக் காட்டினான், முட்டியையே பார்த்தேன்

முப்பத்திரண்டு ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூட்டுகளைச் சோதிக்கும் முறைகள் எல்லாம் அத்துப்படி. அந்தத் திமிரும் உண்டு.

துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் என் மைத்துனன் டென்னிஸ், போன வருடம் ராயபுரத்தில் உள்ள என் வீட்டுக்கு நொண்டிக்கொண்டே வந்தான். "மாமா, முட்டி பேஜாரா நோவுது. வண்டில ஏறவே முடியல."

படுக்கவைத்து முட்டியை மடக்கினேன், இழுத்தேன், பக்கவாட்டில் அழுத்தினேன். ஒரு குறையும் இல்லை.

"முட்டி கல்லு மாதிரி இருக்கு. மட்டம் போட வேற சாக்கு தேடுடா" என்றேன். என்னை நம்பி மறுநாளே வேலைக்குப் போனான்.

மூன்று மாதத்தில் நிற்கவே முடியாமல் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கிருந்த டாக்டர் முட்டியைத் தொடவில்லை. தொடையை உள்பக்கமாகத் திருப்பினார். டென்னிஸ் அலறினான். இடுப்பு மூட்டின் பந்து ரத்த ஓட்டமின்றி நொறுங்கியிருந்தது. முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். இடுப்பு வலி முட்டியில் தெரியும் என்பது நானே மாணவர்களுக்கு நடத்திய பாடம்.

"இன்னா மாமா, இடுப்பு உன் டிபார்ட்மென்ட் இல்லியா?" என்று சிரித்தான். திட்டியிருந்தால் தேவலை.

செயற்கை மூட்டு வைத்தாயிற்று. லாரி இனி இல்லை.

இப்போது யார் முட்டியைக் காட்டினாலும், முதலில் நடக்கவிட்டுப் பார்க்கிறேன். பிறகு இடுப்பு. முட்டி கடைசியில்தான். சாக்கு என்ற சொல்லை மட்டும் வாயில் எடுப்பதில்லை.