குளிர்பெட்டியிலிருந்த ஆய்வு

கொரோனாவின் இரண்டாம் அலையில் என் மனைவி மருத்துவமனையிலேயே காலமானாள். உடல் வீட்டுக்கு வரவில்லை. இறப்பு நேர்ந்த வீட்டில் இருக்கும் நீரையும் உணவையும் கொட்டிவிடுவது எங்கள் வழக்கம். நானும் மகளும் மயானத்துக்குப் போயிருந்தபோது, வீட்டிலிருந்த என் தங்கை அதை முறையாகச் செய்துமுடித்தாள். குடங்களைக் கவிழ்த்தாள், குளிர்பெட்டியையும் காலிசெய்து துடைத்துவைத்தாள்.

மகள் கோவையில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. சாயக் கழிவின் நிறத்தை வெளுக்கச் செய்யும் நுண்ணுயிரிகளை மூன்றாண்டுகளாக வளர்த்துவந்தாள். விடுதியை ஒரே நாளில் காலிசெய்யச் சொன்னபோது ஆய்வகமும் மூடப்பட்டதால், அவற்றைச் சோதனைக் குழாய்களில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். நாங்கள் திரும்பியபோது அந்தக் குழாய்கள் கழுவப்பட்டு, பாத்திரக் கூடையில் தலைகீழாக நின்றன.

“கடல்பாசி செஞ்சு வெச்சது பூசணம் பூத்துப்போச்சுன்னு நெனச்சுட்டனே கண்ணு” என்றாள் தங்கை. அவளைக் குறைசொல்ல இடமில்லை. அந்த உயிரிகளை வளர்ப்பதும், வீட்டில் இனிப்பு செய்யும் அதே கடல்பாசிக் கூழின் மேல்தான்.

“பரவால்லீங்கத்தை” என்றாள் மகள். பிறகு என்னிடம், “இதோட படிப்ப விட்டர்றேனுங்கப்பா” என்றாள்.

பல ஆண்டுகள் ஆய்வு வழிகாட்டியாக இருந்தவன் நான். அந்தக் குழாய்களைத் துடைத்து அலமாரியில் எடுத்துவைத்தேன். மூன்று வாரங்கள் அவள் மடிக்கணினியைத் திறக்கவில்லை. தோழிகளின் அழைப்புகளை எடுக்கவில்லை. அவர்களில் ஒருத்தி ஏற்கெனவே படிப்பை நிறுத்தியிருந்தாள்.

தங்கைதான் ஒரு காலையில் கேட்டாள். “ஏங்கண்ணு, அத மொதல்ல எங்கிருந்து புடிச்சே?”

“வீரபாண்டில, சாயப்பட்டறை வாய்க்கால்லீங்கத்தை.”

“வாய்க்கா அங்கயேதான இருக்குது?”

ஊரடங்கு தளர்ந்த வாரம் நான் வண்டி ஓட்டிப்போனேன். மகள் குனிந்து சேற்றை அள்ளியபோது, பட்டறைக் காவலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தெற்கத்திக்காரர்.

“ஊரே மூக்கப் பொத்திக்கிட்டுப் போகுது. நீங்க டப்பா கொண்டாந்து அள்ளுறீக.”

“உங்களுக்கும் ஒரு டப்பா போட்டுத் தரட்டுங்களாண்ணா?”

பல வாரங்களில் அவள் செய்த முதல் கேலி அது.

சமையலறை ஆய்வகமாயிற்று. கிருமி நீக்கக் கருவிக்குப் பதில் குக்கர்.

“எத்தன விசில் உடோணும் கண்ணு?”

“விசில் கணக்கில்லீங்கத்தை, இருபது நிமிஷம்.”

“பருப்பே வெந்திருமே.”

ஆறு புட்டிகளில் சிவப்புச் சாயத்தைக் கலந்து சேற்றை இட்டாள். ஐந்தில் எதுவும் நிகழவில்லை. ஆறாவதில் ஒன்பதாம் நாள் நிறம் குறைந்திருந்தது. அவள் என்னை அழைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் எதிரே உட்கார்ந்தாள். அன்றே தன் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரை அழைத்தாள்.

“மொதல்ல இருந்து பண்ணோணுங்க சார். ஒரு வருஷம் கூடுதலா வேணுங்க.”

நீட்டிப்புக்கான படிவம் வந்தது. காரணம் கேட்ட இடத்தில், தாயார் மறைவு என்று எழுதினாள். அந்தச் சொற்களை எங்களில் ஒருவர் எழுதியது அதுவே முதல்முறை. சற்று நிறுத்தி, அதன் கீழ் நுண்ணுயிரிகளின் இழப்பையும் சேர்த்தாள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாதம் எது என்று கேட்டிருந்த கட்டத்தில் அவள் பேனா தயங்கவில்லை.